அத்தையின் கல், என் படம்

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டில் பட்டாணி அளவுக்குப் பச்சை உருண்டைகள், எண்ணிப் பார்த்தால் 18. பின்னாலேயே ஒரு குரல் செய்தி: "கண்ணு, கல்லெல்லாம் வெளிய வந்துடுச்சு பாரு. இனிமே ஆபரேஷன் வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் நான் பெங்களூரில் இருக்கும் ஹலசூருக்குப் போய் அவரிடம் பேசியதும், பேச்சு முடிவதற்குள் அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியும்தான் இந்தப் பதிவு. ஒரு வருஷமாக எழுதவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

அத்தை தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஹலசூரில் குடியேறியவர். சோமேஸ்வரர் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்தில் வீடு. வலி வந்தது அதற்கும் முந்தைய மார்கழியில். ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகுக்கு ஏறி, விடியும் வரை விடாது. கேஸ் என்று ஓமத் தண்ணீர், பித்தம் என்று இஞ்சிச் சாறு, எல்லாம் ஆகி கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் 14 மில்லிமீட்டர் கல். கல் என்று தெரிந்ததும் தெருவே வைத்தியம் சொன்னது. ஒரு மாசம் வாழைத்தண்டு சாறு. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வதைப் பித்தப்பைக் கல்லுக்கும் சொல்லிவிடுவது நம் ஊரில் சகஜம், இரண்டுக்கும் கல் என்ற பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்புறம் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து, சில நாள் வெறும் ஆப்பிள் ஜூஸ், கடைசி நாள் ராத்திரி ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சம் பழம் பிழிந்து ஒரே மூச்சில். காலையில் தட்டில் 18 உருண்டை.

அந்த உருண்டைகளைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். 2005-இல் நியூசிலாந்து மருத்துவர்கள் இருவர் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் கடிதம் எழுதியிருந்தார்கள். இதே வைத்தியம் செய்துகொண்ட ஒரு பெண் கொண்டுவந்த பச்சை உருண்டைகளைச் சோதித்தால் அவற்றில் கொலஸ்ட்ரால் இல்லை, பித்தநிறமி இல்லை, கால்சியம் இல்லை. முக்கால்வாசி கொழுப்பு அமிலம். வயிற்றில் எண்ணெய் பாதி செரித்து, எலுமிச்சைச் சாற்றின் பொட்டாசியத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி திரண்டுவிட்டது. 40 டிகிரி வெதுவெதுப்பில் 10 நிமிஷம் வைத்தால் உருகிவிடும் என்றும் அதில் இருந்தது. நான் அத்தையிடம் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் கேட்டேன். ஓர் உருண்டையை அதில் போட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் இருந்த குண்டானில் மிதக்கவிட்டேன். இருவரும் அடுப்படியில் நின்று பார்த்தோம். முதலில் அடிப்பக்கம் பளபளத்தது, அப்புறம் ஒரு பக்கமாகச் சரிந்தது, கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் அடியில் பச்சை எண்ணெய் மட்டும். அத்தை கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இது உள்ள இருந்ததே இல்ல அத்தை. நீங்க குடிச்சதுல உருவானது" என்றேன். நியாயமான பேச்சுதான். சொன்ன விதத்தில் ஓர் அதட்டல் இருந்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை.

நிறுத்தாததற்குக் காரணம், என் போனில் ஒரு படம் இருந்தது. நான் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வேலை செய்பவன். நகரத்தின் வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், ஆராய்ச்சி செய்பவர்கள் கொண்டுவரும் சாம்பிளைத் தயார் செய்து படம் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்தச் சமயம் ஒரு மாணவி, திருச்சிப் பெண், பித்தநீரில் கொலஸ்ட்ரால் எப்படிப் படிகமாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜப் பித்தநீர் கிடையாது. பித்த உப்பு, முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுத்த லெசித்தின் என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால் மூன்றையும் கணக்காகக் கலந்து, உப்புக் கரைசலில் கரைத்து, வடிகட்டி, 37 டிகிரியில் வைத்த மாதிரிப் பித்தநீர். கலந்து ஆறு மணி நேரம் ஆன குப்பியிலிருந்து ஒரு துளி எடுத்து நான் எடுத்த படத்தில், கூரான விளிம்போடு, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய சாய்சதுரத் தகடுகள். பாடப்புத்தகத்தில் இருக்கும் கொலஸ்ட்ரால் படிகம் மாதிரியே. அவ்வளவு அழகான படம் அந்த வருஷம் நான் எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் நடைவழியில் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருந்தார்கள், மாணவியின் போஸ்டரிலும் அதுதான் நடுநாயகம். அதை அத்தையிடம் காட்டி, "கல்லு நிஜமா இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றேன்.

அத்தை போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்ட வைத்துப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. இதை எப்படி எடுத்த? தண்ணியாவேவா இருந்தது?" இல்லை அத்தை, அந்த மிஷினுக்குள் காற்றே இருக்காது, தண்ணியாக வைக்க முடியாது, ஒரு துளியைச் சின்னத் தகட்டில் விட்டு, ஒற்றியெடுத்து, காயவைத்து உள்ளே விடுவோம் என்று சொன்னேன். அவர் திரும்பி, பாத்திரம் கழுவும் மேடையோரம் கவிழ்த்திருந்த பித்தளைக் குடத்தைக் காட்டினார். அதன் வயிற்றில் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு. "போர் தண்ணி காஞ்சா இப்படிப் பூக்குதே கண்ணு, அந்த மாதிரி இல்லையே இது?"

என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "சேச்சே, அது வேற" என்றேன். காபி குடித்தேன், கிளம்பினேன். ஹலசூர் மெட்ரோ வரைக்கும் நடந்து, எம்.ஜி. ரோட்டில் இறங்கி, பஸ் மாறி ஹெப்பாள் மேம்பாலம் ஏறும்போதுதான் அந்த வேறு என்ன வேறு என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். பதில் இல்லை.

துளி காய்ந்தபோது

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. ஆனாலும் கல்லீரல் அதைப் பித்தநீர் வழியாகத்தான் வெளியேற்றவேண்டும். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரக்கும் பித்தநீரில் பித்த உப்பும் லெசித்தினும் சேர்ந்து கொலஸ்ட்ராலைத் தூக்கிச் சுமக்கின்றன. சில நானோமீட்டர் அளவுள்ள மைசெல் என்ற உருண்டைகளுக்குள்ளும், 50, 100 நானோமீட்டர் அளவுள்ள வெசிக்கிள் என்ற குமிழிகளின் சுவருக்குள்ளும் அது ஒளிந்துகொண்டு பயணம் செய்கிறது. பாஸ்டனில் அட்மிராண்டும் ஸ்மாலும் 1968-இல் இந்த மூன்றையும் ஒரு முக்கோண வரைபடத்தில் வைத்து, எந்த விகிதம் வரை கொலஸ்ட்ரால் கரைந்திருக்கும், எதைத் தாண்டினால் பிரிந்துவிடும் என்று கோடு போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் நுழைபவர்கள் முதலில் பார்ப்பது அந்த முக்கோணத்தைத்தான். பித்தப்பை வேறு, வந்து சேரும் பித்தநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி ஐந்து பத்து மடங்கு கெட்டியாக்கிவிடும். மொத்தத்தில் ஒவ்வொரு துளியும் தராசு முள் மாதிரி நிற்கும் பொருள், தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இன்னொன்றாக மாறிவிடும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தும் அந்தத் துளியை முழுக்கக் காயவைத்துத்தான் படம் எடுத்திருந்தேன். மற்றச் சாம்பிள்களுக்குப் பல வருஷமாகச் செய்கிற வழி அது. யுரேனைல் அசிட்டேட் என்ற சாயம் ஒரு சொட்டு, வடிதாள், பத்து நிமிஷம் காற்று, அவ்வளவுதான். பாக்டீரியாவை உண்ணும் வைரஸுக்கும் புரதத்துக்கும் அது நன்றாகவே வேலை செய்யும். பித்தநீருக்கு அது ஆகுமா என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை யாரும் வருவதற்கு முன் போய், மாணவியிடம் போனில் கேட்டுக்கொண்டு அதே மாதிரிப் பித்தநீரைப் புதிதாகக் கலந்து, ஆறு மணி நேரம் காத்திருந்தேன். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பைத் தொடவில்லை. பழைய போலரைசிங் மைக்ரோஸ்கோப் ஒன்று மூலையில் கிடந்தது, அதைத் துடைத்து எடுத்தேன். அதில் இரண்டு வடிகட்டிகளைக் குறுக்கே வைத்துவிட்டால் வெறும் திரவம் கன்னங்கரேல் என்று இருக்கும், படிகம் இருந்தால் மட்டும் அது இருட்டில் மின்னும். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு, மூடாமல், பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிஷம் இருட்டு. துளியின் விளிம்பு மெல்ல உள்வாங்க ஆரம்பித்தது. காபி சிந்திக் காய்ந்தால் ஓரத்தில் அடர்த்தியாக ஒரு வளையம் நிற்குமே, அந்த மாதிரி ஓரத்தில் ஏதோ கூடிக்கொண்டு வந்தது. பதினோராம் நிமிஷம் வளையத்தின் இடது பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம். கண் அசரவில்லை என்று உறுதி செய்துகொள்ளத் தகட்டைக் கொஞ்சம் திருப்பினேன், பொட்டு அணைந்து மறுபடி எரிந்தது. அப்புறம் அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் நாலைந்து, கூரான மூலைகளோடு, தகடு தகடாக. 15 நிமிஷத்தில் விளிம்பு முழுக்கத் தீபம் ஏற்றிய மாதிரி. நடைவழியில் மாட்டியிருந்த என் படம் என் கண் முன்னால் பிறந்துகொண்டிருந்தது, குப்பிக்குள் இல்லாத ஒன்று கண்ணாடித் தகட்டின் மேல்.

இரண்டாவது துளியைக் கவர்ஸ்லிப் போட்டு மூடி, சுற்றிலும் வாசலின் தடவி, காற்றுப் புகாமல் வைத்தேன். சாயங்காலம் வரை இருட்டு. மறுநாள் காலையும் இருட்டு. நடந்தது என்ன என்று புரிய இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அத்தையின் தட்டில் இருந்த பச்சை உருண்டை எப்படி வைத்தியத்தில் உருவானதோ, என் படத்தில் இருந்த தகடுகள் அப்படியே நான் சாம்பிள் தயார் செய்ததில் உருவானவை. அதைவிட மோசம், அவை கொலஸ்ட்ரால்தானா இல்லை பித்த உப்பே காய்ந்து கட்டியதா என்று படிகத்தின் உள் அமைப்பைக் காட்டும் டிஃப்ராக்ஷன் எடுத்துக்கூட நான் பார்க்கவில்லை. அழகாக இருந்தது, எதிர்பார்த்த வடிவத்தில் இருந்தது, அதனால் நம்பினேன். மாணவியிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. "முதல் ஆறு மணி நேரத்திலேயே தகடுகள் தோன்றுகின்றன" என்று ஒரு பத்தி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். "அண்ணா, அப்ப மொத்தமுமே தப்பா?" என்று கேட்டாள். படம் மட்டும்தான்மா, உன் கலவையில் தப்பில்லை, தப்பு என் மேல் என்றேன். அன்றைக்கே அவளுடைய வழிகாட்டியிடமும் போய்ச் சொன்னோம். நடைவழிப் படத்தை நானே கழற்றினேன். அதன் பின்னால் சுவரில் சதுரமாக ஒரு வெளிர் தடம், அது இன்னும் இருக்கிறது.

காயாமல் நிறுத்துவது

அதற்கப்புறம் சரியான வழியில் எடுத்தோம். கிரையோ என்று எல்லோரும் சொல்லும் உறைமுறை. நம் ஊரிலேயே ஜிகேவிகே என்ற வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில், என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தில், தேசிய அளவிலான கிரையோ வசதி இருக்கிறது. புரதங்களின் அணு அமைப்பைப் பார்க்கும் 300 கிலோவோல்ட் கருவி அது. எங்கள் குமிழிகளுக்கு அவ்வளவு பெரியது தேவைப்படாது, வேறோர் இடத்தில் 200 கிலோவோல்ட் கருவியில் இரண்டு நாள் நேரம் கிடைத்தது. வேலை முழுக்கக் கையில்தான் இருக்கிறது. கிரிட் என்பது 3 மில்லிமீட்டர் வட்டத் தாமிர வலை, அதன் மேல் ஓட்டை ஓட்டையாகக் கார்பன் படலம். 37 டிகிரியும் முழு ஈரப்பதமும் உள்ள சின்ன அறைக்குள், அதாவது துளி காயவே முடியாத இடத்தில், கிரிட்டைக் கிடுக்கியில் பிடித்து 3 மைக்ரோலிட்டர் விடுவோம். வடிதாள் இரண்டு பக்கமும் ஒற்றி விலகும்போது, கார்பனின் ஓட்டைகளில் ஏறக்குறைய 100 நானோமீட்டர் கனத்தில் ஒரு நீர்ப்படலம் மட்டும் நிற்கும். அந்த நொடியே கிரிட் கீழே பாய்ந்து திரவ ஈத்தேனில் மூழ்கவேண்டும். ஈத்தேன் மைனஸ் 180 டிகிரிக்குப் பக்கம், அதைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196. அதைவிடக் குளிரான நைட்ரஜனிலேயே நேராக முக்கலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் உடனே ஆவியாகாமல் உருண்டு உருண்டு ஓடுமே, அடியில் ஆவிப்படலம் தாங்குவதால், அதே கதைதான். நைட்ரஜனுக்கு நம் கிரிட்தான் தோசைக்கல். சுற்றி வாயு கட்டிக்கொண்டு குளிர் மெதுவாகத்தான் இறங்கும், அதற்குள் தண்ணீர் பனிப் படிகமாகி எல்லாவற்றையும் குத்திக் கிழித்துவிடும். ஈத்தேனில் அந்த இடைஞ்சல் இல்லை. மூலக்கூறுகள் வரிசை கட்ட நேரமே கிடைக்காமல் தண்ணீர் அப்படியே கண்ணாடியாக நின்றுவிடும். 1980-களின் தொடக்கத்தில் ஹைடல்பெர்கில் ஜாக் துபோஷே குழு செய்துகாட்டியது இது, 2017-இல் அவருக்கும் ஜோவாகிம் ஃபிராங்குக்கும் ரிச்சர்ட் ஹெண்டர்சனுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்புறம் படம் எடுத்து முடிக்கும் வரை கிரிட்டை ஏறக்குறைய மைனஸ் 140-க்குக் கீழேயே வைத்திருக்கவேண்டும், கொஞ்சம் சூடேறினாலும் கண்ணாடி பனியாகிவிடும்.

ஆறு மணி நேரக் குப்பியின் படம் வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு வெளி, அதில் அரிசி மாவுக் கோலத்தில் விட்ட வட்டங்கள் மாதிரி மெல்லிய கோட்டுக் குமிழிகள், இடையில் பொடிப்பொடியாக மைசெல்கள். தகடு ஒன்றுகூட இல்லை. யாரும் அச்சிட்டு மாட்டமாட்டார்கள். நான் அந்தத் திரையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன், ஏனென்றால் துளி எப்படி இருந்ததோ அப்படி அதை முதல் தடவையாகப் பார்த்தேன். மூன்றாம் நாள் குப்பியில் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன, அவற்றின் நடுவே நூல் மாதிரி சில இழைகள். ஓரிடத்தில் ஓர் இழை அகலமாகி, ஜடை ரிப்பனைப் பென்சிலில் சுற்றி உருவிய மாதிரி, சுருள் சுருளாக.

இந்தச் சுருளை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, அதைச் சொல்லிவிடவேண்டும். கோனிகாஃப், கேரி, ஸ்மால் முதலானோர் 1992-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலஸ்ட்ரால் நேராகத் தகடாகப் பிறப்பதில்லை, முதலில் இழை, அப்புறம் சுருள், அப்புறம் குழல், கடைசியில்தான் நாம் அறிந்த சாய்சதுரத் தகடு என்று விவரித்திருந்தார்கள். மறு வருஷம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் பெனெடெக்கும் சேர்ந்து அந்தச் சுருள்களின் ஏற்றக் கோணத்தை அளந்து, அவை கண்டபடி சுருளவில்லை, 54 டிகிரி, 11 டிகிரி என்று இரண்டே கோணங்களில் அமைகின்றன என்று காட்டினார்கள். இஸ்ரேலில் டெக்னியான் பல்கலைக்கழகத்தின் டால்மன் குழுவும் கோனிகாஃபும் கிரையோ முறையில் மனிதப் பித்தநீரையே உறையவைத்துப் பார்த்தார்கள். இதெல்லாம் நான் அந்த முதல் படத்தை எடுப்பதற்குப் பல வருஷம் முன்பே அச்சில் இருந்தது. ஆறு மணி நேரத்தில் நேரடியாகத் தகடு வந்தது என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். படம் நன்றாக வந்துவிட்டால் படிப்பதை நிறுத்திவிடுகிறோம், என் அனுபவம் அது.

கிரையோ மட்டும் போதும் என்றும் நினைத்துவிடக்கூடாது. 100 நானோமீட்டர் படலத்துக்குள் பல மைக்ரான் அகலமான தகடு எப்படிப் படுக்கும்? வடிதாள் ஒற்றும்போது பெரியவை தாளோடு போய்விடும். ஆக, அதில் தகடு தெரியவில்லை என்பதால் குப்பியில் தகடே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தப் பாதியைச் சொல்லவேண்டியது மூலையில் கிடந்த அந்த போலரைசிங் மைக்ரோஸ்கோப்தான், அதை இப்போது நான் தினமும் துடைத்து வைக்கிறேன். இல்லாததை உண்டாக்கும் தயாரிப்பு ஒரு பக்கம் என்றால் இருப்பதை அழிக்கும் தயாரிப்பும் உண்டு. இதயக் குழாய் அடைப்புகளை வெட்டிப் பார்க்கும் நோய்க்கூற்று ஸ்லைடுகளில் ஊசி முனை மாதிரி வெற்றுப் பிளவுகள் தெரியும். கொலஸ்ட்ரால் படிகம் இருந்த இடம் அது. திசுவிலிருந்து தண்ணீரை எடுக்க எத்தனாலில் ஊறவைப்பதில் படிகம் கரைந்துபோய் அச்சு மட்டும் மிஞ்சுகிறது. மிச்சிகனில் ஜார்ஜ் அபேலா எத்தனால் இல்லாமல் வெற்றிடத்தில் உலர்த்தி ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, படிகங்கள் குழாயின் உட்சுவரைத் துளைத்துக்கொண்டு நின்றன. அதற்கு முன் எத்தனை ஸ்லைடுகளில் எத்தனை பேர் அந்த வெற்றுப் பிளவை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

எப்போது ஆரம்பித்தது

அத்தைக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தோம். கல் அங்கேயேதான், அதே 14 மில்லிமீட்டர். தீபாவளி முடிந்து லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்தார்கள், இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். கல்லைச் சின்ன டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்திருந்தார்கள். வெளிர் மஞ்சள், ஒரு பக்கம் பழுப்பு, கையில் எடுத்தால் கல்லின் கனமே இல்லை. "கோரோசனை மாதிரி இருக்கே" என்றார். சின்ன வயதில் எங்களுக்கெல்லாம் தாய்ப்பாலில் உரைத்துக் கொடுத்தது அவர்தான். நிஜமாகவே உறவு உண்டு, கோரோசனை மாட்டின் பித்தப்பைக் கல். ஆனால் அது பெரும்பாலும் பித்தநிறமி, இவருடையது பார்வைக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த கலப்புக் கல். தென்னாட்டில் நிறமிக் கற்கள் அதிகம், வடக்கே கொலஸ்ட்ரால் கற்கள் அதிகம் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். கொலஸ்ட்ரால் என்ற பெயரே பித்தம், திடம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை, முதலில் அதை இனம் கண்டது இந்த மாதிரிக் கல்லில்தான் என்று சொன்னேன். அத்தைக்கு அது பெரிதாகப் படவில்லை. அவருக்கு வேறு ஒன்று தெரியவேண்டியிருந்தது. "நான் எதைத் தின்னதால வந்தது இது? எப்ப ஆரம்பிச்சது?"

முதல் கேள்விக்கு, நீங்கள் ஒரு நாள் தின்ற எதாலும் வரவில்லை அத்தை என்றேன். கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகத் தள்ளுவது, பித்தப்பை சரியாகச் சுருங்காமல் தேங்குவது, அதன் சுவரில் சுரக்கும் கோழை படிகத்துக்குப் பிடிமானம் கொடுப்பது, பிள்ளைப்பேறு, பரம்பரை, இத்தனையும் சேர்ந்து நடப்பது. 1979-இல் ஒரு சோதனை செய்தார்கள். கல் உள்ளவர்களின் பித்தநீரையும் இல்லாதவர்களின் பித்தநீரையும் வடிகட்டி வைத்து, முதல் படிகம் எத்தனை நாளில் தோன்றுகிறது என்று பார்த்தால், முன்னவர்களுக்குச் சராசரி 3 நாள், பின்னவர்களுக்கு 15 நாள் வாக்கில். கரையும் எல்லையைத் தாண்டிய கொலஸ்ட்ரால் பலருடைய பித்தநீரில் இருக்கிறது, சிலரிடம்தான் அது சீக்கிரம் இறுகிவிடுகிறது. வேண்டாத எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டோமே என்று அவர் பத்து மாசமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். அது தேவையில்லை என்று சொன்னபோது ஆடி மாசத்தில் பேசிய மாதிரி பேசாமல் இருக்கப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்கே ஆச்சரியமான இடத்தில் கிடைத்தது. 1950, 60-களில் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது, பின்னால் வருஷத்துக்கு வருஷம் இறங்கியது. அந்த அளவு சாப்பாடு வழியாக உடம்புக்குள் போய், கல்லின் ஒவ்வொரு அடுக்கிலும் மரத்தின் வருஷ வளையம் மாதிரி பதிந்துவிடுகிறது. 1986-இல் அமெரிக்காவில் மோக், டிரஃபெல், ரம்போன் மூவரும் பித்தப்பைக் கற்களை அடுக்கடுக்காகச் சோதித்து வயது கணித்தார்கள். கல் உருவாக ஆரம்பித்து வலி தெரிவதற்குச் சராசரி 8 வருஷம், அறுவைக்கு வருவதற்கு ஏறக்குறைய 12 வருஷம். அத்தை விரல் விட்டு எண்ணினார். "அப்படின்னா மாமா இருந்தப்பவே" என்றார். மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டப்பாவை மூடி மாத்திரை வைக்கும் அலமாரியில் வைத்தார்.

பொங்கலுக்குப் போனபோது அந்த டப்பாவை என் கையில் கொடுத்து, "உள்ள எப்படி இருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றார். கூடவே, மூன்றாம் நாள் சுருளின் படத்தைக் காட்டச் சொல்லி வெகுநேரம் பார்த்தார், "இதைக் காயவெக்கலையே?" என்று கேட்டுக்கொண்டார். கல் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உடைத்துத் தங்கப் பூச்சுப் பூசி ஸ்கேனிங் கருவியில் வைத்தால் ஒரே மத்தியானத்தில் படம் வந்துவிடும். ஆனால் இந்தப் படிகத்தில் ஒவ்வொரு கொலஸ்ட்ராலோடும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கூட இருக்கிறது, வெற்றிடத்தில் அது கழன்றுபோனால் நான் பார்ப்பது வேறு படிகம். கல் டப்பாவில் இத்தனை மாசம் கிடந்ததிலேயே எவ்வளவு கழன்றிருக்கும் என்பதையும் முதலில் பார்க்கவேண்டும். அதனால் ஒரு சின்னச் சிம்பை மட்டும் எடுத்து எக்ஸ்ரே டிஃப்ராக்ஷனுக்குக் கொடுத்திருக்கிறேன், குளிர்விக்கும் மேடை உள்ள கருவியில் அடுத்த மாசம் இரண்டாவது வாரம் நேரம் கேட்டிருக்கிறேன். அத்தை ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கேட்கிறார். இன்னும் உடைக்கவில்லை அத்தை என்கிறேன்.